கடைசி வரிசைக்கு எந்த ஸ்பீக்கர்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், லைன் அரே, அதாவது ஸ்பீக்கர் பெட்டிகளை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா கோத்துத் தொங்கவிடறது. வாங்கலாமா, வாங்கிட்டேன் சரியா கேக்கல, எத்தனை பெட்டி போடணும்னு சுத்தி சுத்தி அதையே கேட்டிருக்கீங்க. அதனால இந்தத் தடவை மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு ஸ்பீக்கர் மட்டும் பேசிடலாம்னு எடுத்துக்கிட்டேன்.

கும்பகோணம் பக்கத்துல கல்யாண மண்டபம் வச்சிருக்கற வாசகர்: எங்க ஏசி ஹால் 90 அடி நீளம், 50 அடி அகலம், ஃபால்ஸ் சீலிங் 13 அடி உயரத்துல இருக்கு. மேடைக்கு ரெண்டு பக்கமும் ஸ்டாண்டுல ரெண்டு 15 இன்ச் பாக்ஸ் வச்சிருக்கோம். முன்னாடி உக்கார்றவங்க காது வலிக்குதுங்கறாங்க, பின்னாடி இருக்கறவங்க ஒண்ணும் புரியலங்கறாங்க. பக்கத்து ஊர் மண்டபத்துல லைன் அரே தொங்கவிட்டிருக்காங்க, பார்க்க பிரமாதமா இருக்கு. பக்கத்துக்கு நாலு பெட்டி போட்டா சரியாகிடுமா?

சார், வேணாம். அந்தக் காசுல பாதி போதும், வேலையும் நல்லா நடக்கும், ஏன்னு சொல்றேன்.

முதல்ல உங்க கம்ப்ளெயின்ட் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. ஸ்டாண்டுல இருக்கற பாக்ஸுக்கும் முதல் வரிசைக்கும் 10 அடி, கடைசி வரிசைக்கு 80 அடி. சாதாரண பாக்ஸ்ல தூரம் ரெண்டு மடங்கானா சவுண்டு 6 டெசிபல் குறையும். 10 அடி, 20 அடி, 40 அடி, 80 அடின்னு மூணு தடவை ரெட்டிக்குது, ஆக 18 டெசிபல் வித்தியாசம். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியும்னா 18க்கு என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கங்க. ஆபரேட்டர் பையன் பின்னாடி கேக்கலன்னு ஃபேடரை ஏத்துவான், முன்னாடி உக்காந்திருக்கற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதைப் பொத்துவாங்க, அவன் மறுபடி இறக்குவான், ராத்திரி முழுக்க இதே கதைதான். பின்னாடி போய்ச் சேர்றதும் நேர் சத்தம் இல்ல, கிரானைட் தரை, கண்ணாடி, சுவர்னு பட்டுத் தெறிச்ச சத்தம், அதுல வார்த்தை பிரியாது.

சரி, லைன் அரேல தூரம் ரெட்டிச்சா 3 டெசிபல்தான் குறையும்னு கடைக்காரர் சொல்லிருப்பாரு. அது பொய் இல்ல, ஆனா பாதி உண்மை. பெட்டிக் கோர்வையோட நீளத்தைப் பொறுத்து கொஞ்ச தூரம் வரைக்கும்தான் அந்த 3 டெசிபல் கணக்கு, அதைத் தாண்டிட்டா அதுவும் சாதாரண பாக்ஸ் மாதிரி 6 தான். உங்களுக்குச் சொல்ற நாலு சின்னப் பெட்டி மொத்தமா ஒரு மீட்டர் நீளம் வரும். பேச்சு புரியறதுக்கு முக்கியமான 1000 ஹெர்ட்ஸ்ல அந்த ஒரு மீட்டர் கோர்வைக்கு அந்த எல்லை ஏறக்குறைய ஒண்ணரை மீட்டர், அதாவது 5 அடி! உங்க முதல் வரிசைக்குக்கூட போகாது. நீளம் ரெண்டு மடங்கானா எல்லை நாலு மடங்காகும், நாலு மீட்டர் நீளக் கோர்வைன்னா 23 மீட்டர் வரைக்கும் போகும், பெரிய மைதானத்துல அவ்வளவு நீளமா தொங்கவிடறது அதனாலதான். 13 அடி சீலிங்குக்குக் கீழ நாலு மீட்டரை எங்க தொங்கவிடுவீங்க?

அப்புறம் இன்னொண்ணு, இதை அழுத்திச் சொல்லணும். இப்ப மார்க்கெட்ல லைன் அரே மாதிரி வெளித்தோற்றத்துல நிறைய பெட்டி வருது, திறந்து பாத்தா உள்ள ரெண்டு ஸ்பீக்கரும் மேல் சுருதிக்கு ஒரு சாதா ஹார்னும் இருக்கும். 10,000 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் மூணரை சென்டிமீட்டர் கூட கிடையாது. ஒரு பெட்டி ஹார்னுக்கும் அடுத்த பெட்டி ஹார்னுக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி இருந்தா ரெண்டும் ஒண்ணா சேராது, ஒண்ணை ஒண்ணு வெட்டும். நல்ல கம்பெனி பெட்டில அலையைத் தட்டையா நீட்டி விடறதுக்குன்னே உள்ள வேவ்கைடு இருக்கும், விலை ஏர்றது அதுக்குத்தான். ரெண்டு பெட்டியை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, 'ஷ்ஷ்'னு வர்ற பிங்க் நாய்ஸ் போட்டு, நேர் எதிர்ல 15 அடி தள்ளி நின்னு மெதுவா உக்காந்து எழுந்திருச்சுப் பாருங்க. தலை ஏற இறங்க அந்த 'ஷ்' விசில் மாதிரி நிறம் மாறிட்டே போச்சுன்னா அதை வாங்காதீங்க.

உங்க ஹாலுக்கு நான் செய்யறதா இருந்தா இப்படித்தான். மேடை ரெண்டு பக்கமும் நல்ல 12 இன்ச் டூவே பாக்ஸ் (கீழ் சுருதிக்கு ஸ்பீக்கர், மேல் சுருதிக்கு ஹார்ன்) ஒவ்வொண்ணு, ஸ்டாண்டு வேணாம், சுவத்துல பிராக்கெட் அடிச்சு 11 அடி உயரத்துல, ஹார்ன் முதல் வரிசையைப் பாக்காம நடு ஹாலைப் பாக்கற மாதிரி லேசா குனிச்சு. உயரத்துல போனதும் முதல் வரிசைக்குத் தூரமும் கொஞ்சம் கூடும், ஹார்னோட நேர் பார்வைலேர்ந்தும் அவங்க தப்பிச்சுடுவாங்க, அதனால முன்னாடி தானா அடங்கிடும். அப்புறம் 45 அடி தள்ளி பக்கச் சுவர்கள்ல 8 இன்ச் பாக்ஸ் ஒரு ஜோடி. அது பின்பாதிக்கு மட்டும். அதை அப்படியே விட்டா பின்னாடி ரெண்டு சத்தம் வரும், அதனால டிலே கொடுக்கணும், அதாவது அந்தப் பின் ஜோடிக்குப் போற சத்தத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தணும். சவுண்டு ஒரு அடி போக கிட்டத்தட்ட 0.9 மில்லிசெகண்டு ஆகும், 45 அடிக்கு 40, அதோட ஒரு 10 சேத்து 50 மில்லிசெகண்டு வைங்க. அந்த 10 எதுக்குன்னா, காதுக்கு முதல்ல எந்தப் பக்கத்துலேர்ந்து சத்தம் வருதோ அங்கேர்ந்துதான் பேசறாங்கன்னு மூளை எடுத்துக்கும், கொஞ்சம் லேட்டா வர்றது சத்தமா இருந்தாலும் தனியா தெரியாது. இதை ஹெல்முட் ஹாஸ்ங்கற ஜெர்மன்காரர் ஆராய்ஞ்சு சொன்னாரு, ஹாஸ் எஃபெக்ட்னே பேரு. பின்னாடி உக்காந்திருக்கற தாத்தாவுக்கு மேடைல பேசறவரு வாயிலேர்ந்தே வர்ற மாதிரி இருக்கும்.

நான் எந்த ஹாலுக்குப் போனாலும் மிக்சர் பக்கம் போறதுக்கு முன்னாடி கடைசி வரிசைக்குத்தான் போவேன். ஒரு ஹால்ல ஒரு பெரியவரு, வேட்டி மடிச்சுக் கட்டி, வலது கையைக் குவிச்சு காதுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டே நலுங்குப் பாட்டு முழுக்க உக்காந்திருந்தாரு, பாட்டு முடிஞ்சப்பதான் கையை இறக்கினாரு. லட்சக்கணக்குல செலவழிச்ச ஹால் அது. அந்தக் கை இறங்கினாதான் நம்ம வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்.

திண்டுக்கல் வாசகர்: 5000 வாட்ஸ் செட்டா, 2000 வாட்ஸ் செட்டா, எது வாங்க?

வாட்ஸ் ரெட்டிச்சா 3 டெசிபல்தான் கூடும், 'கொஞ்சம் கூடியிருக்கு'ன்னு தோணும், அவ்வளவுதான். அதை விட சென்சிட்டிவிட்டிய பாருங்க, ஒரு வாட் ஒரு மீட்டர்ல எத்தனை டெசிபல்னு போட்டிருப்பாங்க. 97 இருக்கற ஸ்பீக்கருக்கு 1000 வாட்ஸ் கொடுக்கறதும் 100 இருக்கறதுக்கு 500 கொடுக்கறதும் ஒண்ணு. பெட்டி மேல ஒட்டியிருக்கற பீக் வாட்ஸ் ஸ்டிக்கரைப் பாத்து விலை பேசாதீங்க, கன்டினியூஸ், அதாவது விடாம தாங்கற வாட்ஸ் எவ்வளவுன்னு கேளுங்க.

பட்டுக்கோட்டை பக்கம் மைக்செட் தொழில் பண்ற தம்பி: அண்ணே, கடன் வாங்கி லைன் அரே எடுத்துட்டேன், பக்கத்துக்கு ஆறு பெட்டி. கோயில் திருவிழாவுக்கு 200 அடி நீள மைதானம். 22 அடி உயரத்துல தொங்கவிட்டேன். பட்டிமன்றம் அன்னிக்கு மைதானத்துக்குப் பின்னாடி தெருவுல இருக்கற வீட்டுல சூப்பரா கேட்டுச்சாம், முன்னாடி 60 அடில தரைல உக்காந்திருந்த ஜனத்துக்கு டல்லா இருந்துச்சு. பெட்டி மோசமா?

பெட்டி மேல தப்பு இல்ல தம்பி, நீ ஆங்கிள் போடல. ஆறையும் நேரா ஒரே தகடு மாதிரி தொங்கவிட்டிருப்ப, ஆறும் சேர்ந்து ஒரே பக்கம், ஜனத்தோட தலைக்கு மேல, அந்தத் தெருவைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. லைன் அரேங்கறது மேலயும் கீழயும் ரொம்பக் குறுகலா அடிக்கற சாமான், டார்ச் லைட் மாதிரி. எங்க காட்டறியோ அங்கதான் வெளிச்சம்.

பேப்பர் எடுத்து பக்கவாட்டுப் படம் போடு. மேல் பெட்டி 22 அடில, உக்காந்திருக்கறவங்க காது தரைலேர்ந்து 4 அடின்னு வை, வித்தியாசம் 18 அடி. கடைசி ஆள் 200 அடில. மேல் பெட்டி அவரைப் பாக்கணும்னா 5 டிகிரி குனியணும், முதல் வேலையே இதுதான், நேரா வச்சா ஊருக்குத்தான் போகும். இப்ப கீழ் பெட்டி. கோர்வை 5 அடி நீளம், அதனால கீழ் பெட்டி 17 அடில, காதுக்கு மேல 13 அடி. அது 25 அடில உக்காந்திருக்கறவங்களைப் பாக்கணும்னா 27, 28 டிகிரி குனியணும். 5லேர்ந்து 28க்குப் போக 23 டிகிரி, ஆறு பெட்டிக்கு நடுவுல அஞ்சு மூட்டு இருக்கு. எல்லாத்துக்கும் சமமாப் பிரிக்காத! மேல் மூட்டு 2, அப்புறம் 3, 4, 6, கடைசி மூட்டு 8. கூட்டிப் பாரு, 23 வரும். தூரத்துக்குப் போற மேல் பெட்டிங்க நெருக்கமா ஒண்ணா சேந்து அடிக்கணும், கிட்டக்க இருக்கறவங்களுக்கு பலம் வேணாம், பரப்பு போதும், அதனால கீழ விரியணும். ஆங்கிள் ஓட்டை 23க்கு ஒத்து வரலன்னா பக்கத்து நம்பர் வச்சுக்க, மேல குறைச்சல் கீழ கூடுதல்ங்கற முறையை மட்டும் மாத்தாத.

பெட்டி நல்ல கம்பெனின்னா அவங்களே கணக்குப் போடற சாஃப்ட்வேர் கொடுப்பாங்க. ஈஸ் ஃபோகஸ்னு ஒண்ணு இலவசமாவே கிடைக்குது, நிறைய கம்பெனி அதுக்கு டேட்டா ஃபைல் கொடுக்கறாங்க, மைதானத்தோட நீளம், உயரம் போட்டா எந்த வரிசைல எவ்வளவு டெசிபல்னு கலர்ல காட்டிடும். அடுத்து பெட்டி எடுக்கறப்ப டேட்டா ஃபைல் இருக்கான்னு கேட்டு எடு, இல்லன்னு சொன்னா அந்தப் பெட்டி காத்துல என்ன பண்ணும்னு செஞ்சவங்களே அளக்கலன்னு அர்த்தம்.

முன்னாடி 25 அடிக்கு மேடை விளிம்புல சின்ன பாக்ஸ் மூணு நாலு வை, சின்னப் பசங்களும் பாட்டிகளும் எப்பவும் அங்கதான் உக்காருவாங்க.

இன்னொரு சமாச்சாரம், நம்ம ஊர் மைதானத்துல இதைப் பாக்காம விட்டா ஏமாந்துடுவோம். சாயந்திரம் நாலு மணி வெயில்ல செக் பண்ணுவ, தரை சூடு, தரைகிட்ட இருக்கற காத்து மேல இருக்கறதை விட சூடு, அப்ப சத்தம் மேல வளைஞ்சு போயிடும், பின்னாடி கம்மியா இருக்கேன்னு ஏத்தி வைப்ப. ராத்திரி தரை சீக்கிரம் ஆறிடும், இப்ப மேல் காத்து சூடு, கீழ குளிர்ச்சி, சத்தம் கீழ வளையும், தூரத்துக்குப் போகும். ராத்திரில ரெண்டு மைல் தள்ளியிருக்கற ஊர்த் திருவிழாப் பாட்டு நம்ம திண்ணைல கேக்கறது இதனாலதான். அதனால இருட்டினதும் திரும்ப ஒரு சுத்து நடந்து பாத்து குறை. எதிர்க் காத்து அடிச்சாலும் இதே மாதிரி மேல தூக்கிடும்.

வெறும் பட்டிமன்றம், கதாகாலட்சேபம் மட்டும்தான்னா லைன் அரேவை இறக்கவே வேணாம், நாலு பாயின்ட் சோர்ஸ், அதாவது சாதாரண பாக்ஸும் நடு மைதானத்துல ஒரு ஜோடி டிலேயும் போதும். அந்தக் காலத்துல மரத்துக்கு மரம் குழாய் கட்டினாங்களே, அதுவும் இதே யோசனைதான், சத்தத்தை ஜனத்துக்குப் பக்கத்துல கொண்டு போறது, என்ன ஒண்ணு, அப்ப டிலே இல்ல. 50 மில்லிசெகண்டுக்கு மேல பிந்தினா காது அதை ரெண்டாவது சத்தமா எடுத்துக்கும், அது சுமார் 55 அடி. ரெண்டு குழாய்க்கு நடுவுல நூறு அடி இருந்தா ஒண்ணுகிட்ட நிக்கறவங்களுக்கு இன்னொண்ணு எதிரொலியா வரும், அறிவிப்புல ஒவ்வொரு சொல்லும் ரெண்டு தடவை கேட்ட ஞாபகம் எல்லாருக்கும் இருக்கும்.

அதே தம்பி: சவுக்குக் கட்டைல டவர் கட்டி செயின் பிளாக் போட்டுத் தூக்கலாமா? போன வருஷம் அப்படித்தான் பண்ணோம்.

கூடாது. இந்த ஒண்ணுல மட்டும் உன்கிட்ட கெஞ்சிக் கேக்கறேன். ஒரு பெட்டி 25 கிலோன்னு வச்சாலும் ஆறு பெட்டி 150, மேல் ஃபிரேமு, கேபிள், செயின் எல்லாம் சேத்தா 180ஐத் தாண்டும், அது காத்துல ஆடும். பந்தல்காரங்க கட்டற கட்டு பந்தலோட கனத்துக்குக் கட்டினது, கயிறு நனைஞ்சா நெகிழும். ஜாக், அவுட்ரிகர் (பக்கவாட்டுல நீட்டி ஊன்ற கால்) எல்லாம் இருக்கற டவரை வாடகைக்கு எடு, லோடு எவ்வளவுன்னு அதுல எழுதியிருக்கணும், செயின் பிளாக்குக்கு மேல தனியா ஸ்டீல் வயர்ல சேஃப்டி போடு. டவர் கிடைக்கலன்னா ஆங்கிள் போட்டுத் தரைல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கு, கவரேஜ் பத்துக்கு ஏழுதான் வரும், வரட்டும்.

காத்து, இடி, மழை வர்ற மாதிரி இருந்தா கமிட்டிக்காரங்க என்ன சொன்னாலும் ஜனத்தை நகத்திட்டு பெட்டியை இறக்கு. 2011 ஆகஸ்ட் 13ஆம் தேதி அமெரிக்காவுல இண்டியானா மாநிலக் கண்காட்சில புயல் மழைக்கு முன்னாடி அடிச்ச காத்துல மேடைக் கூரை, லைட், ஸ்பீக்கர் தொங்கின அமைப்பு மொத்தமும் முன்னாடி நின்ன ஜனம் மேல சாஞ்சுது, ஏழு பேர் செத்துப் போனாங்க. அங்க கட்டினது சவுக்கு இல்ல தம்பி, அலுமினிய டிரஸ், உலோகச் சட்டம்.

சேலம் கல்லூரி மாணவி: லைன் அரேவை யார் கண்டுபிடிச்சாங்க?

ஸ்பீக்கரை வரிசையா அடுக்கினா ஒரு பக்கம் குவிஞ்சு அடிக்கும்ங்கறது பழைய விஷயம்மா, ஹாரி ஆல்சன்னு அமெரிக்க எஞ்சினியர் 1940, 50கள்லயே தன்னோட புத்தகங்கள்ல கணக்கா எழுதிட்டாரு, நம்ம சர்ச்சு, மசூதி, ரயில்வே ஸ்டேஷன்ல தூண் மாதிரி ஒல்லியா நீளமா பாக்கற 'காலம்' (column) ஸ்பீக்கர் அந்த வழி. மேல் சுருதிலயும் அதை வேலை செய்ய வச்சது ஃபிரான்ஸ்ல கிறிஸ்டியன் ஹைல். 1992ல மார்செல் அர்பன்கூட சேர்ந்து ஆய்வுக் கட்டுரை படிச்சாரு, அவரோட எல்-அகூஸ்டிக்ஸ் கம்பெனி வி-டாஸ்க்னு பெட்டி கொண்டு வந்துச்சு. மேல சொன்ன வேவ்கைடு சமாச்சாரம் அதோட உயிர். இன்னிக்குப் பெரிய கச்சேரி மேடை எல்லாத்துலயும் வளைவா தொங்கறது அந்த வம்சம்தான்.

தூத்துக்குடி மாவட்டத்துலேர்ந்து ஒரு ஆலயக் கமிட்டி உறுப்பினர்: எங்க கோயில் பழைய கட்டடம், 100 அடி நீளம், 50 அடி அகலம், 33 அடி உயரம். ஃபாதர் பிரசங்கம் ஒரே எதிரொலி. பெரிய ஸ்பீக்கர் வாங்கிப் போட்டோம், இன்னும் மோசமாயிடுச்சு. லைன் அரே போட்டா சரியாகுமா?

பெரிய ஸ்பீக்கர் போட்டதும் மோசமானது நியாயம்தான் ஐயா, கட்டடத்தை இன்னும் பலமா ஒலிக்க வச்சிருக்கீங்க.

1895 வாக்குல ஹார்வர்டுல வாலஸ் சாபைன்ங்கற பேராசிரியர்கிட்ட இதே மாதிரி பேச்சு புரியாத ஒரு லெக்சர் ஹாலைக் கொடுத்து சரி பண்ணச் சொன்னாங்க. அவரு பக்கத்து தியேட்டர் குஷனை எல்லாம் ராத்திரில கொண்டாந்து போட்டு, ஒவ்வொரு தடவையும் சத்தம் அடங்க எத்தனை செகண்டு ஆகுதுன்னு அளந்து ஒரு கணக்கு கண்டுபிடிச்சாரு. அதை உங்க கோயிலுக்குப் போட்டா, கொள்ளளவு சுமார் 4500 கன மீட்டர், சுண்ணாம்பு, கல், சிமெண்ட்தான்னா சத்தத்தை உறிஞ்சறது 200 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம்னு வச்சுக்குவோம், அப்ப சத்தம் அடங்க 3.6 செகண்டு. பூசைக்கு 400 பேர் வந்து உக்காந்தா ஒவ்வொருத்தரும் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் உறிஞ்சுவாங்க, அது ஒரு 200, இப்ப அடங்கற நேரம் பாதியாகி 1.8 செகண்டு. ஞாயித்துக்கிழமை பெரிய பூசைல புரியுது, வார நாள் காலைப் பூசைல இருபது பேர் இருக்கறப்ப புரியலன்னு உங்க ஜனம் சொல்லும், சரிதானே?

நம்ம பேச்சுல நெடில் உயிர் பலமா நீளும், க ச ட த ப எல்லாம் சின்ன வெடிப்பு. 'காப்பார்'ல 'கா' இன்னும் கூரைல சுத்திக்கிட்டு இருக்கறப்பவே 'ப்பா' வந்துடும், நீளற 'ஆ' வந்து 'ப்'பை மூடிடும். அதனால ஸ்பீக்கர் சத்தம் கூரைக்கும் மேல் சுவத்துக்கும் போகாம, ஜனத்து மேல மட்டும் விழணும். அதுக்கு ஏத்தது காலம் ஸ்பீக்கர், அதுவும் ஒரு வகை லைன் அரேதான், தூணோட தூணா நிக்கும், பாக்கறதுக்கும் உறுத்தாது. ஒண்ணரை ரெண்டு மீட்டர் நீளமுள்ள நல்ல காலம் ஸ்பீக்கர், பீடத்துக்குப் பக்கத்துல ஒரு ஜோடி, நடுவுல ஒரு ஜோடி, காது மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, நடு ஜோடிக்கு டிலே. லண்டன் செயின்ட் பால் பேராலயத்துல 1950களோட தொடக்கத்துலயே இதைத்தான் செஞ்சாங்க, உயரமான காலம் ஸ்பீக்கரும், டிஜிட்டல் இல்லாத காலத்துல டிலேக்கு சுத்தற காந்தத் தட்டும். அங்க இருக்கற எதிரொலிக்கு முன்னாடி உங்களுது ஒண்ணுமே இல்ல.

கிட்டக்க இருந்து கொஞ்சமா பேசற நாலு ஸ்பீக்கர், இதான் வழி. அதோட மைக்கை ஃபாதர் வாய்க்கு ஒரு சாண் தூரத்துல வைங்க, பின் சுவத்துல, பாடகர் குழு மாடத்துல தடிமனா திரை கட்டுங்க. பாட்டுக்கு எதிரொலி அழகுதான், அதை முழுசா கொன்னுடாதீங்க.

கோவை, லைட் மியூசிக் குழு வச்சிருக்கற வாசகர்: மேடைக்கு ரெண்டு பக்கமும் பேஸ் பாக்ஸ் வைக்கறோம், நடுவுல நெஞ்சு அதிருது, கொஞ்சம் தள்ளிப் போனா பேஸே இல்ல, மறுபடி தள்ளினா வருது. என்ன கோளாறு?

கோளாறு எதுவும் இல்ல, ரெண்டு பக்கமும் வச்சா அப்படித்தான் வரும். 60 ஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட 19 அடி நீளம். நடுக்கோட்டுல நிக்கறவருக்கு ரெண்டு பக்கமும் சமதூரம், ஒண்ணா சேரும். ஒரு பாக்ஸை விட இன்னொண்ணு ஒன்பதரை அடி தூரமா இருக்கற இடத்துல ஒண்ணு தள்ளறப்ப இன்னொண்ணு இழுக்கும், அங்க பள்ளம். ஈக்வலைசர்ல இதைச் சரி பண்ணவே முடியாது. எல்லா பேஸ் பாக்ஸையும் மேடைக்கு முன்னாடி நடுவுல ஒண்ணா வைங்க, பள்ளம் போயிடும், பலமும் கூடும். மேடை மேல பேஸ் தொல்லையா இருந்தா, தவில், மிருதங்கம் மைக் உறுமினா, மூணு பாக்ஸ்ல ஒண்ணைப் பின்பக்கம் திருப்பி, போலாரிட்டி மாத்தி (ப்ளஸ் மைனஸை மாத்திக் கொடுத்து) டிலே கொடுங்க, கார்டியாய்டுன்னு பேரு, பின்னாடி நல்லா அடங்கும். டிலே அளவு பெட்டிக்குப் பெட்டி மாறும், கம்பெனியே போட்டுக் கொடுத்த செட்டிங் (பிரீசெட்) இருந்தா அதையே போடுங்க.

திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: வீட்டுக்கு 150 அடில மண்டபம், பக்கத்துல மைதானம். ராத்திரி 11 மணி வரைக்கும் ஜன்னல் அதிருது. ஏதாவது அளவு உண்டா?

உண்டுங்க ஐயா. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரைக்கும் திறந்த வெளில ஒலிபெருக்கி கூடாது, பண்டிகைக்கு வருஷத்துல 15 நாளுக்கு மேற்படாம 12 மணி வரைக்கும் மாநில அரசு தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55, ராத்திரில 45 டெசிபல். மைதானம் மாதிரி பொது இடத்தோட எல்லைல அந்தப் பகுதி அளவை விட 10 கூடுதல் இல்லன்னா 75, ரெண்டுல எது குறைவோ அது. மூடின ஹாலுக்குள்ள 10 மணித் தடை இல்ல, ஆனா தனியார் இடத்தோட எல்லைல பகுதி அளவை விட 5 டெசிபலுக்கு மேல போகக் கூடாது. போலீஸ்ல எழுதிக் கொடுக்கலாம்.

ஆனா கோபிச்சுக்காம ஒரு தடவை மைக்செட்காரர்கிட்டயும் பேசிப் பாருங்க, மேல் பெட்டியை அஞ்சு டிகிரி குனிச்சாலே உங்க வீட்டுக்கு வர்ற பேச்சு, பாட்டு நல்லா குறையும். பேஸ் மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் சுத்தி வரும், அதைக் குறைக்கத்தான் சொல்லணும்.

மதுரை வாசகி: கல்யாண ரிசெப்ஷன்ல என் நாலு வயசுப் பொண்ணு ஸ்பீக்கர் பக்கத்துலயே ஆடிக்கிட்டு இருந்தா, ரெண்டு நாள் 'காதுல ஏதோ கத்துதும்மா'ன்னா. பயமா இருக்கு.

முதல்ல காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா, இரைச்சல் நின்னுட்டாலும் காட்டுங்க.

வேலை பாக்கற இடத்துக்கு அமெரிக்காவுல நியாஷ்னு ஒரு அரசு ஆய்வு அமைப்பு வச்ச அளவு 85 டெசிபல்னா எட்டு மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88க்கு நாலு மணி, 91க்கு ரெண்டு, 94க்கு ஒண்ணு, 97க்கு அரை மணி, 100க்கு கால் மணி நேரம்தான். இது பெரியவங்களுக்குப் போட்ட கணக்கு. கச்சேரி, நிகழ்ச்சி நடக்கற இடத்துல 15 நிமிஷ சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமும் 2022ல சொல்லிருக்கு. ஸ்டாண்டுல ஆறடி உயரத்துல இருக்கற பாக்ஸுக்கு மூணு அடில நின்னா பாட்டு சமயத்துல 110ஐ சாதாரணமா தொடும். அந்த உயரத்துல ஹார்ன் பெரியவங்க முகத்தைப் பாக்கும், நீங்க குழந்தையை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு நிக்கறப்ப அவ காதும் அதே மட்டத்துக்கு வந்துடும், இதை யாரும் கவனிக்கறதில்ல.

அடுத்த தடவை போறப்ப ஹால் நடுவுல, ஸ்பீக்கரைப் பாக்காத பக்கமா உக்காருங்க, குழந்தைக்கு இயர் மஃப் வாங்கிப் போடுங்க, பஞ்சு பத்தாது. மிக்சர்கிட்ட உக்காந்திருக்கற பையன்கிட்ட 'தம்பி, இங்க குழந்தைங்க ஆடுதுங்க, இந்தப் பக்க பாக்ஸைக் கொஞ்சம் இறக்கு'ன்னு நேரா சொல்லுங்க. நான் அந்த இடத்துல உக்காந்தவன்தான், அப்படி வந்து சொன்ன ஒரு அம்மாவை இன்னும் ஞாபகம் வச்சிருக்கேன், அவங்க சொல்ற வரைக்கும் பாக்ஸுக்குக் கீழ ஆறு குழந்தை இருந்தது எனக்கு மிக்சர் பக்கத்துலேர்ந்து தெரியவே இல்ல.